தரை டாக்டர்

எங்கள் மருத்துவமனையில் நாற்பத்தொரு வருஷம் மனநல மருத்துவராக இருந்தவருக்குக் கால்சட்டை எப்போதும் பின்பக்கம்தான் கிழியும். ஒட்டுப்போட்டு அலுத்துப்போன தையல்காரர் ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஏன் டாக்டர், அங்க வைத்தியம் பாக்குறீங்களா, சறுக்கு விளையாடுறீங்களா?"

டாக்டர் தரையில் உட்கார்ந்துதான் வைத்தியம் பார்ப்பார். நாற்பது வயதிலும் சின்னப் பிள்ளை அளவுக்கே பேச்சு வருகிறவர்கள், பேச்சே வராதவர்கள், நாள் முழுக்கக் கையை உதறிக்கொண்டே இருப்பவர்கள், இவர்கள்தான் அவரிடம் வருவார்கள். சிலர் உள்ளே வந்ததும் மேசைக்கு அடியில் போய்விடுவார்கள். டாக்டரும் பின்னாலேயே நுழைவார். கூட வந்தவர்களிடம் அப்புறம்தான் பேச்சு. முதல் வணக்கம் மேசைக்கு அடியில் இருப்பவருக்கு. அதனால் அவருக்குத் தரை டாக்டர் என்றே பெயர் வந்துவிட்டது. அந்த அறையைத் துடைப்பது இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. மற்ற அறைகளை ஒரு தரம் துடைத்தால் அதை இரண்டு தரம் துடைப்பேன்.

அவர் மனைவி கணக்கு டீச்சர். ஒருமுறை சாப்பாடு கொண்டுவந்தபோது என்னிடம் சொன்னார்கள்: "கல்யாணத்தப்ப என்ன சொன்னாரு தெரியுமா? ரெண்டே வருஷம் இங்க, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன்னாரு. நானும் எத்தனையோ கணக்குப் போட்டிருக்கேன். இந்த ரெண்டு மட்டும் முடியவே இல்ல."

உள்ளே இருந்து டாக்டர் குரல் வந்தது. "மீதி வருது டீச்சர், அதான்."

புதிதாக எந்த நர்ஸ் வந்தாலும், யாரும் கேட்காமலே தன் பழைய தப்பு ஒன்றைச் சொல்லுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன் கையைத் தானே கடித்துக்கொள்ளும் ஒரு சிறுமிக்கு மூன்று தடவை மாத்திரை அளவை ஏற்றினாராம். கடி நிற்கவில்லை. கடைசியில் தலைவாரிவிட்ட ஆயாதான் அவள் காதுக்குள் பாசிமாலையிலிருந்து உதிர்ந்த மணி ஒன்று அடைத்திருப்பதைப் பார்த்தாராம். மணி வெளியே வந்த அன்றே கடியும் நின்றது. அன்றைக்கு அவர் சுவரில் எழுதியது இன்னும் இருக்கிறது: மாத்திரைக்கு முன்னால் காது, பல், வயிறு, கால்.

அப்படிப்பட்டவரே என் தம்பி விஷயத்தில் தடுமாறினார்.

என் தம்பி பிறவியிலேயே வளர்ச்சி குறைவானவன். வீட்டில் எல்லாருக்கும் அவன் சின்னவன். நாற்பத்துநான்கு வயதாகியும் சின்னவன்தான். அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். மருத்துவமனைக்குப் பின்னால் டாக்டர் நிர்வாகத்திடம் சண்டை போட்டு வாங்கிய இரண்டு அறையில், செருப்புக்கடைகளுக்கு அட்டைப்பெட்டி மடிக்கும் பட்டறை நடக்கிறது. பதினான்கு வருஷமாக அங்கே போகிறான். எங்கே போகிறாய் என்று தெருவில் யாராவது கேட்டால் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "வேலைக்கு" என்பான். அந்த ஒரு சொல்லுக்காகவே காலையில் தானே எழுந்து குளிப்பான்.

அப்படி இருந்தவன் திடீரென்று அடிக்க ஆரம்பித்தான். பட்டறை மேஸ்திரியை இரண்டு தடவை. பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணை ஒரு தடவை. வீட்டில் என்னை. என்னை நேராகப் பார்க்காமல் முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்ப்பான். கொழுப்பு என்று நினைத்து நானும் திட்டினேன்.

மேஸ்திரி நல்லவர்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இன்னும் ஒரு தடவை கை ஓங்கினான்னா வீட்டுலயே வச்சுக்குங்க. மத்தவங்களும் பிள்ளைங்கதானே."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அந்த வேலை போனால் சின்னவனுக்கு நெஞ்சை நிமிர்த்த என்ன இருக்கிறது?

டாக்டர் காதைப் பார்த்தார், பல்லை, வயிற்றை, காலைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. யோசித்து யோசித்துக் கடைசியில் மாத்திரை எழுதினார். அதைத் தின்றதும் சின்னவன் வாயில் எச்சில் ஒழுக, பெட்டி மேலேயே தூங்கினான். நான் கடவுளிடம், அவன் கையை அடக்கு சாமி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பத்து நாள் கழித்து டாக்டரே மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். "ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எழுதும்மா. பட்டறையில மேஸ்திரிகிட்ட கேட்டு எழுது."

எனக்குச் சுருக்கமாக எழுத வராது. யார் எங்கே நின்றார்கள், கையில் என்ன இருந்தது, ஜன்னல் திறந்திருந்ததா என்று எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு வாரத்தில் பதினோரு பக்கம். டாக்டர் தரையில் உட்கார்ந்து படித்தார். முதலில் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது.

"ஜன்னல் பக்கமா வந்தாரு, ஜன்னல் பக்கமா வந்தாருன்னு எழுதியிருக்கியே. அவன் உக்காந்தா ஜன்னல் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் ஐயா."

"வீட்டுல நீ தண்ணி கொடுத்தப்ப?"

யோசித்துப் பார்த்தேன். "அதுவும் இடது பக்கம்தான்."

டாக்டர் சின்னவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, அவன் வலது கண்ணைத் தன் கையால் மெதுவாக மூடினார். சின்னவன் அலறிக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டான். இடது கண்ணில் புரை வளர்ந்து மூடியிருந்தது. அந்தப் பக்கம் யார் வந்தாலும் அவனுக்கு இருட்டுக்குள்ளிருந்து பாய்கிற மாதிரி. ஓரக்கண்ணால் பார்த்தது கொழுப்பால் அல்ல, நல்ல கண்ணால் என்னைத் தேடியிருக்கிறான்.

"நாப்பத்தொரு வருஷம் ஆயிடுச்சும்மா. கண்ணைச் சுவத்துல எழுதல பாரு," என்றார் டாக்டர். அன்றே எழுந்து போய் எழுதினார்.

கண் டாக்டர் முதலில் தயங்கினார். "இவரு என்ன புத்தகமா படிக்கப் போறாரு? மயக்க மருந்து வேற கொடுக்கணும்."

"நீங்க கடைசியா எப்ப புத்தகம் படிச்சீங்க?" என்றார் நம் டாக்டர். கண் டாக்டர் சிரித்துவிட்டு நாள் குறித்தார்.

ஆபரேஷன் முடிந்து அவன் கண்ணைக் கசக்காமல் இருக்க வேண்டுமே என்று நான் பயந்தேன். டாக்டர் பட்டறையிலிருந்து அட்டைகளை வீட்டுக்கு அனுப்பினார். கை இரண்டும் பெட்டி மடித்துக்கொண்டிருந்தால் கண்ணுக்குப் போகாது என்று. ஒரு மாதத்தில் எங்கள் வீட்டில் நடக்க இடமில்லாமல் பெட்டி.

சின்னவன் பட்டறைக்குத் திரும்பிய அன்று மேஸ்திரி ஜன்னல் பக்கமாக மெல்ல வந்தார். நான் வாசலிலேயே நின்றேன். சின்னவன் திரும்பிப் பார்த்து, "லேட்டு," என்றான். மேஸ்திரிதான் லேட்டு. கையை அடக்கு என்று கேட்ட எனக்குக் கண்ணைக் கேட்கத் தெரியவில்லை. கேட்கத் தெரியாததையும் கடவுள் கொடுத்தார்.

அப்புறம் டாக்டர் வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சின்னவன் இரண்டு கண்ணாலும் அவரை வெகுநேரம் பார்த்தான். அவருடைய நரைத்த தலையைத் தடவிப் பார்த்தான்.

"டாக்டர் கிழவன்," என்றான்.

"இப்பத்தான் தெரியுதாடா உனக்கு? எங்க டீச்சர் பத்து வருஷமா சொல்றாங்க."

அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. சின்னவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் இடது பக்கம் போய் நின்று, கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். பிறகு உட்கார்ந்து வேலையைப் பார்த்தான்.