மன்னிப்புக் கேட்கப் போன கோட்டை

2005 ஓகஸ்ட், சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு லண்டன் கிங்ஸ்பரியிலிருந்து காரில் புறப்பட்டோம், நானும் மனைவி சாந்தியும். டோவர் துறைமுகம் ஏறக்குறைய தொண்ணூறு மைல். கப்பலில் ஒன்றரைப் பவுண் கொடுத்துக் குடித்ததைத் தேநீர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரான்சின் கலேயில் இறங்கி, அமியன் நகரைத் தாண்டி, நூற்றெண்பது கிலோமீற்றர் ஓடி, பகல் ஒன்றரைக்குக் கோட்டை வாசலில் நின்றோம்.

கோட்டை என்றதும் பீரங்கியைத் தேடவேண்டாம். கோதுமை வயல்களுக்கு நடுவே, இரண்டு கூம்புக் கோபுரங்கள் வைத்த பெரிய வீடு. ஒரு பிரபு வேட்டைக்கு வந்தால் தங்குவதற்கென்று கட்டினாராம். பிறகு போர்க்கால மருத்துவமனை, நகரத்துப் பிள்ளைகளின் கோடை விடுதி, இப்போது முதியோர் இல்லம் என்கிறது வாசல் பலகை. இடையில் சில ஆண்டுகள் அது அகதிகள் விடுதியாக இருந்தது. பலகையில் எங்களை மட்டும் காணவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

பிரபு நடனமாடிய மண்டபத்தில் தமிழர் எட்டுப் பேர் கட்டில் போட்டுப் படுத்தோம். புகுந்த அன்றே முறைப்படி பால் காய்ச்சினோம். பால் பொங்கி வழிய, விடுதியை நடத்திய மதாம் ஒடெட் பதறி ஓடிவந்து அடுப்பை அணைத்தார். விளக்கிச் சொல்ல எங்களிடம் பிரெஞ்சு இல்லை, கைகளால் சொன்னோம். அடுத்த மாதம் புதிதாக இருவர் வந்தபோது அவரே பாலை வைத்துப் பொங்கவிட்டார்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், 1992இல் ஒரு விடியற்காலை லண்டனுக்குக் கிளம்பியவன் நான். அவர் இப்போது அதே கோட்டையில் முதியவராகத் தங்கியிருக்கிறார் என்று பாரிஸ் நண்பர் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். ஆனால் கால் எழவில்லை.

“இஞ்சருங்கோ, கடல் தாண்டி வந்திட்டு வாசலிலை நிண்டு முழிக்கிறியளே?” என்றாள் சாந்தி.

“அந்த மனிசிக்கு என்னைப் பாக்க விருப்பமில்லையெண்டால்?”

“ஏசினால் வாங்கிக் கட்டுங்கோ. நானும் கூட வாறன்.”

மதாம் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். பெயரைச் சொன்னதுமே என்னை அடையாளம் கண்டுகொண்டார். சொல்லாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும் என்று தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சில் சொன்னேன்.

அவர் சிரித்தார். “நம் வாசல் நாய் யார் போனாலும் குரைக்கும். அன்றைக்கு ஏன் குரைக்கவில்லை என்று யோசித்தாயா?”

யோசித்ததில்லை. என் அதிர்ஷ்டம் என்றுதான் பதின்மூன்று ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

“சமையலறையில் அதன் வாயைப் பொத்திப் பிடித்திருந்தேன். நீ கேற்றைத் தாண்டும்வரை.”

“என்னவாம் சொல்லுறா?” என்று சாந்தி என் தோளைத் தொட்டாள். மதாமின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.