சண்டைக்கு ஒரு சாமி: ஆரணியில் ஒரு பட்டுப்புடவையோடு மல்லுக்கட்டிய நாள்

ஆரணிக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போனேன் என்று யாராவது நினைத்தால், மன்னிக்கவும். ஒரு புடவையை வாங்கி வரத்தான் போனேன். பத்து மணிக்குள் கையில் வாங்கிக்கொண்டு, பக்கத்திலுள்ள திருமலை சமணக் கோயிலையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வேலூர் திரும்பிவிடலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். என் திட்டங்களின் லட்சணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புடவை என் தங்கை நித்யாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் அவளுக்குக் கல்யாணம். அம்மா போன பிறகு வீட்டை விற்பதா வேண்டாமா என்று ஆரம்பித்த பேச்சில், நான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். ஒன்றரை வருடம் பேச்சே இல்லை. கல்யாணப் பத்திரிகையும் எனக்கு வரவில்லை. திடீரென்று புதன்கிழமை காலை போன். "ஆரணியில புடவை ரெடியாம். நீ பக்கத்துல இருக்க, வாங்கி கூரியர்ல போட முடியுமா? அஞ்சு உருவமும் இருக்கான்னு மட்டும் பாரு." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். இதில் சொதப்பினால் ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஐந்து உருவம் என்னவென்று சொல்ல வேண்டும். நித்யா கல்லூரியில் கிரேக்கப் புராணம் நடத்துகிறவள். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் மனதில் தோன்றுவதற்கெல்லாம் கண், மூக்கு, றெக்கை வைத்து சாமியாக்கிவிட்டார்கள். வெற்றிக்கு நிகே, அதிர்ஷ்டத்துக்கு டைக்கி, நம்பிக்கைக்கு எல்பிஸ், தூக்கத்துக்கு ஹிப்னோஸ், சண்டைக்கு எரிஸ். இந்த ஐவரும் ஜரிகையில் முந்தியில் வர வேண்டும் என்று படம் வரைந்து அனுப்பியிருந்தாள். மயில், மாங்காய் எல்லாம் அவளுக்கு ஆகாது.

வியாழக்கிழமை காலை 7.10க்கு வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினேன். சுமார் நாற்பது கிலோமீட்டர், கண்ணமங்கலம் வழி, முப்பத்திரண்டு ரூபாய். கண்ணமங்கலத்தில் ஓட்டுநர் டீ குடிக்க இறங்கி, டீயோடு அரசியலும் பேசி முடித்து வர இருபது நிமிடம். 8.45க்கு ஆரணி. ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார். "ரெண்டு கிலோமீட்டருக்கா?" என்றேன். "ரோடு தோண்டிப் போட்டுகிறாங்கம்மா, சுத்திகினு போவணும். ஒரே பேஜாரு" என்றார். எண்பதுக்குப் பேசி முடித்தேன். எந்த ரோடும் தோண்டியிருக்கவில்லை.

நெசவாளர் மூர்த்திக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் மனைவி செல்வி வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். புடவை இன்னும் தறியில் இருந்தது. ரெடி என்றால் அவர்கள் ஊரில் ஒரு முழம் பாக்கி என்று அர்த்தமாம். முந்தியைத்தான் முதலில் நெய்திருந்தார்கள். சுற்றி வைத்ததைப் பிரித்துக் காட்டினார்கள். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் உருவத்துக்கு ஒரு வரிசை என்று எண்ணினால் நாலுதான்.

"அஞ்சாவது எங்கே?"

மூர்த்தி மனைவியைப் பார்த்தார். செல்வி நேராகவே சொன்னார். "நான்தாங்க வேணாம்னேன். சண்டைக்குச் சாமின்னு உங்க தங்கச்சி போன்ல சொல்லிச்சு. கல்யாணப் பொண்ணு தோள்ல சண்டையைத் தூக்கி வெப்பாங்களா? கை வருமா எங்களுக்கு? தூக்கத்துச் சாமியை மட்டும் அப்டியே வெச்சிட்டோம். கல்யாண வூட்ல யாருக்குத் தூக்கம் கெடைக்குது, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்னு."

"அது சாமியே இல்லீங்க. வெறும் கருத்து!"

"கருத்துக்கு எதுக்குங்க கண்ணு, மூக்கு, றெக்கை?"

கடவுளே. தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. ஒரு போன் செய்து கேட்டிருக்கக் கூடாதா? நல்லது செய்கிறோம் என்று கேட்காமலே செய்துவிடுகிறவர்களிடம் சண்டைகூடப் போட முடிவதில்லை.

அதனால் கதையைச் சொன்னேன். கிரேக்கத்தில் ஒரு பெரிய கல்யாணம். எல்லா சாமிக்கும் அழைப்பு, இந்த எரிஸுக்கு மட்டும் இல்லை. சண்டை எதற்கு நல்ல காரியத்தில் என்று விட்டுவிட்டார்கள். அவள் வாசல் வரை வந்து, 'மிக அழகானவளுக்கு' என்று எழுதிய தங்க ஆப்பிளை உள்ளே எறிந்துவிட்டுப் போனாள். மூன்று தேவதைகள் அதற்கு அடித்துக்கொண்டார்கள். கடைசியில் பத்து வருடம் யுத்தம், ஒரு ஊரே எரிந்தது. சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு உறைத்தது. கூப்பிடாத கல்யாணத்தின் வாசலில் நிற்பது நான்தானே. வெட்கமாக இருந்தது. அழுதுவிட்டேன்.

செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "ஒரு பத்திரிகை குடுத்து, சோறு போட்டு அனுப்பியிருந்தா முடிஞ்சிருக்கும். அதை வுட்டுட்டு இன்னா மனுசங்க" என்று கிரேக்கர்களைத் திட்டினார். பிறகு கணவரிடம், "இந்தாங்க, அந்த அட்டையை எடுங்க. ஜல்தி. முந்தியில வேணாம். இடுப்புல சொருவுற பக்கம்தானே பாக்கி, அதுல போடுங்க. வூட்டுச் சண்டை உள்ள இருக்கட்டும், வெளியில தெரிய வேணாம்" என்றார்.

நல்லவேளை, ஜரிகை உருவத்துக்காக ஓட்டை போட்ட அட்டைகளை மூர்த்தி தூக்கிப் போடவில்லை. துணியில் மூட்டை கட்டி வைத்திருந்தார். அவற்றைத் திரும்பக் கோத்துத் தறிமேல் ஏற்றவே ஒன்றே கால் மணி நேரம். பிறகுதான் அடுத்த குண்டு. "இந்த அட்டைக்கு ஒண்ணு மட்டும் வராதுங்க. அகலத்துக்கும் எட்டு வரும்."

"எட்டு எரிஸா?"

"முந்தியிலயும் அப்டித்தானே, வரிசைக்கு எட்டு."

ஒரு சண்டைக்கே ஒன்றரை வருடம் போனது எனக்கு. திருமலையை மறந்துவிட்டு, பக்கத்து மெஸ்ஸில் எழுபது ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். 4.20க்குப் புடவையைத் தறியிலிருந்து அறுத்தார்கள். செல்வி வழக்கம்போல் கற்பூரம் காட்டினார். எட்டு எரிஸும் சேர்ந்துதான் வாங்கிக்கொண்டார்கள். நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: 'ரெடி' என்றால், தறியிலிருந்து அறுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். உருவம் நெய்யச் சொன்னால் அதன் கதையையும் முழுதாகச் சொல்லிவிடுங்கள். பாதி சொன்னால் மீதியை அவர்களே முடிவு செய்வார்கள். புடவையையும் திருமலையையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். படவேடு அம்மன் கோயிலையும் சேர்க்க நினைத்தால் தனி வண்டிதான், பேருந்து குறைவு.

5.05 பேருந்துக்குக் காத்திருந்தபோது நித்யாவைக் கூப்பிட்டேன். மறைக்காமல் எல்லாம் சொன்னேன். முந்தியில் நாலுதான், எரிஸ் உள் முனையில், அதுவும் எட்டு. போச்சு என்று நினைத்தேன்.

"கட்டினப்புறம் யாருக்கும் தெரியாதா?" என்றாள்.

"தெரியாது. கட்டி விடறவ மட்டும்தான் பார்ப்பா."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"கூரியர்ல போடாத. ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு நான் ரெடியா இருக்கணும். நீயே எடுத்துட்டு வந்து கட்டி விடு."