பவுசர் இறக்கிய பெற்றோல்

எரிபொருள் ஏற்றிவரும் பவுசர் லொறி ஒன்று பெற்றோல் செட்டுக்குள் திரும்புவதைக் கண்டால் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் பேசாமல் வீட்டுக்குப் போவதில்லை. நாள் கணக்காக வரிசையில் நின்ற ஆண்டு எங்களிடம் விட்டுப்போன பழக்கம் அது. தட்டுப்பாடு தீர்ந்துவிட்டது. பழக்கம் தீரவில்லை. அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் என் மோட்டார் சைக்கிளில் அரைத் தாங்கிக்கு மேல் பெற்றோல் இருந்தது. இருந்தும் பவுசருக்குப் பின்னால் நானும் உள்ளே போனேன். வாய்வரை நிரப்பினேன். அண்ணை கேட்டிருந்தபடி ஐந்து லீற்றர் கான் ஒன்றிலும் வாங்கினேன்.

பவுசர் இறக்கும்போது நிலத்தடித் தாங்கியின் அடியில் கிடக்கும் தண்ணீரும் கசடும் கலங்கி மேலே வரும். கொஞ்ச நேரம் அடங்க விட்டுத்தான் அடிக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் இதையே ஒருமுறை செய்தியாகத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அண்ணை வட்டுக்கோட்டைப் பக்கம் தோட்டம் செய்கிறார். கிணறு நாலு பேருக்குச் சொந்தமான பங்குக் கிணறு. மின்கம்பி அந்தத் தோட்டம்வரை வரவில்லை. தண்ணீர் இறைக்க ஆளாளுக்கு ஒரு பெற்றோல் மிசின், ஆளாளுக்கு ஒரு முறை. செவ்வாய் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை அண்ணையின் முறை. அதைத் தவறவிட்டால் பிறகு நாலு நாள் காத்திருக்க வேண்டும். வெங்காயம் பருக்கும் நேரம், எறிக்கிற வெயிலில் நாலு நாள் தாங்காது.

செவ்வாய் விடிய நல்லூரிலிருந்து புறப்பட்டேன். ஆனைக்கோட்டை தாண்டியதும் மோட்டார் சைக்கிள் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். உதைத்தேன். அசையவில்லை. தெருவோர வீடொன்றில் அதை விட்டுவிட்டு, கானோடு ஓட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். அப்போதுகூடப் பிளக்கில்தான் பிழை என்று நினைத்தேன்.

அண்ணை கானைச் சரித்து மிசினில் ஊற்றினார். இழுத்தார். மிசின் நாலு நிமிடம் ஓடி, முதல் பாத்தி பாதி நனைய முன்னரே நின்றுவிட்டது. அவர் கானில் மிஞ்சியதிலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் ஊற்றி வெயிலில் பிடித்தார். அடியில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர் தனியே நின்றது.

"பேப்பர்காரர், உலகத்து விசயமெல்லாம் உமக்குத் தெரியும். பெற்றோலுக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாதோ?"

"பவுசர் வந்ததெண்டு..."

"ஓ, பவுசர் வந்தால் போய் விழோணும். நீர் கானை விட்டிட்டு அந்தப் பவுசரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம், அதிலையிருந்தே தண்ணி இறைச்சிருப்பன்."

அண்ணை மிசினைக் கழற்றத் தொடங்கினார். நான் போத்தலையும் கானையும் எடுத்துக்கொண்டு அதே ஓட்டோவில் செட்டுக்குத் திரும்பினேன். மணி ஏழே முக்கால்.

செட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் நின்றுபோன மோட்டார் சைக்கிள்களோடு நின்றார்கள். மனேச்சர் என் போத்தலைப் பார்த்தார்.

"போத்தலுக்குள்ளை முதலே தண்ணி கிடந்திருக்கும், ஐயா."

"கானுக்குள்ளையும் கிடக்கு."

"அப்ப கானுக்குள்ளை கிடந்திருக்கும்."

"என்ரை மோட்டார் சைக்கிளும் நிண்டிட்டுது."

"அது பழைய சைக்கிள் எல்லோ?"

பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர், "கோயிலிலைகூட இவ்வளவு தீர்த்தம் தரமாட்டினம்" என்றார். மனேச்சர் சிரிக்கவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்கள் பேப்பரிலை எழுதுறனியள் எல்லோ?"

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கானை அவரே வாங்கி, தண்ணீர்ப் பெற்றோலைப் பின்பக்கம் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, மூலைப் பம்பில் நிரப்பிக் கொண்டுவந்தார். "இது மற்றத் தாங்கியிலை உள்ளது, சுத்தமானது. இதை எழுதிப் போடாதேங்கோ." அதாவது, எந்தத் தாங்கியில் தண்ணீர் இருக்கிறது என்பது அவருக்கு முன்னரே தெரியும். அந்த இரண்டு பேருக்கும் மாற்றிக் கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மணியைப் பார்த்தேன். கானின் மூடியை இறுக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

அண்ணை கபிரேட்டரைக் கழுவிப் பூட்டி மிசினை இழுத்தபோது ஒன்பதே கால். பதினாறு பாத்திகளில் ஏழு நனைந்தன. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க, அடுத்த முறைக்காரி சைக்கிள் கரியரில் மிசினைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தா. புருசன் இல்லாமல் தனியே தோட்டம் செய்கிறவ. அண்ணைக்கே மூத்தவ.

"பத்தாகுது தம்பி, நிப்பாட்டு."

"அக்கா, ஒரு அரை மணித்தியாலம்..."

"என்ரை மிளகாய்க்கு ஆர் அரை மணித்தியாலம் தாறது?"

அவவின் கையிலும் ஒரு கான் இருந்தது. எங்கே வாங்கியது என்று கேட்டேன். அதே செட். நேற்றுப் பின்னேரம். "பவுசர் வந்ததெண்டாங்கள், ஓடிப்போய் அடிச்சனான்."

ஊற்ற வேண்டாம் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். அவ கானை ஒரு பக்கம் வைத்துவிட்டு எங்கள் கானைப் பார்த்தா.

"அப்ப உங்களுக்கு மட்டும் மாத்தித் தந்தவங்களோ?"

"ஓம்."

"நீங்களும் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திட்டியள்."

நான் எங்கள் கானின் மூடியைத் திறந்து எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன். அண்ணைதான் பேசினார். சுத்தமான பெற்றோல் மூன்று லீற்றருக்கு மேல் மிச்சம், தண்ணீர் முறை அவவுடையது. பாதிப் பெற்றோல் அவவுக்கு, ஒரு மணித்தியாலம் எங்களுக்கு என்று ஒப்பந்தமானது. அவ என் பக்கம் திரும்பி ஒரு நிபந்தனையும் வைத்தா.

"நாளைக்கு என்ரை கானையும் கொண்டுபோய் மாத்திக்கொண்டு வாரும். பிறகு இதைப் பேப்பரிலை போடும். முதல் போட்டீரெண்டால் எனக்குத் தராங்கள்."

சரி என்றேன். அண்ணை மிசினை இழுத்தார். பதினொரு மணிக்குச் சற்று முன்னர் மண்வெட்டியால் கடைசி வாய்க்காலை வெட்டிவிட்டார். தண்ணீர் பதினாறாவது பாத்திக்குள் இறங்கியது.