மச்சான் வண்டியின் பதினேழு

எனக்கும் என் மச்சானுக்கும் ஒரே மாடல் பிக்கப் வண்டி. அவர் என் மனைவியின் அண்ணன். இரண்டு பேரும் விருதுநகரிலிருந்து பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி ஏற்றிப் போகிறவர்கள். என் வண்டியின் மீட்டர் திரை, லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் என்று காட்டும். அவர் வண்டி பதினேழு காட்டும்.

அந்தப் பதினேழை அவர் போகிற இடமெல்லாம் கொண்டுபோவார். ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில், ரசத்துக்குக் கையைக் குழித்தபடியே, "மாப்ள, நேத்து உங்க வண்டி எம்புட்டு காட்டுச்சு?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் பக்கத்து இலைக்காரரிடம் திரும்பி, "ஆக்சிலேட்டர்ல பதனமா மிதிக்கணும். மாப்ளைக்குக் கால் கொஞ்சம் கனம்" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

என் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு எங்கள் இரண்டு வண்டிக்கும் ஒரே நாளில் லோடு வந்தது. காலையில் குடோன் வாசலில் அவள் வந்து நின்றாள்.

"திரையில காட்டுறதெல்லாம் கணக்கில்லண்ணே. ரெண்டு வண்டிக்கும் ஒரே பங்க்ல டேங்க் நிறைய ஊத்துங்க. போயிட்டு வந்து அங்கனயே மறுபடி நிறைங்க. எந்த வண்டிக்கு எம்புட்டு டீசல் பிடிக்கோ, அதுதான் நெசம்."

"சரி தாயி. மாப்ள தோத்தா மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"நான் உங்க வண்டியிலதான் வருவேன். வழியில எங்கயும் டீசல் போட்டுறக் கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு வண்டியிலும் ஒரே அளவு கட்டு ஏற்றி, டேங்கை நிறைத்து, திரையைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கிளம்பினோம். வாழ்க்கையில் அப்படி ஒரு ஓட்டு நான் ஓட்டியதில்லை. ஏசியைப் போடவில்லை. காற்று இழுக்கும் என்று கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன். வேர்வை கண்ணில் இறங்கியது. பிரேக்கைத் தொடக்கூடாது என்று தூரத்தில் ஆடு தெரிந்தாலே காலை எடுத்துவிடுவேன். பஸ் முந்தியது, டிராக்டர் முந்தியது. கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போன வேன் ஒன்று முந்தும்போது, ஓர் அம்மா தலையை வெளியே நீட்டி, "என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று கேட்டார். என் நெஞ்சு மட்டும் நூறில் ஓடிக்கொண்டிருந்தது.

போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தேன். நாரணாபுரம் தாண்டும்போது மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, எம்புட்டு காட்டுது?"

"பதினாலு! இப்பப் பதினாலரை!"

"இங்க பதினேழரை. இருங்க, இருங்க... ஏறுது! ஏங்க, எங்க வண்டி பதினெட்டு!"

"எங்க வண்டியா?"

அதற்கு மச்சான் சிரிக்கிற சத்தம்தான் வந்தது. எனக்கு வந்த ரோஷத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தப் பார்த்து, நல்லவேளை, காலை அடக்கிக்கொண்டேன்.

லோடை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் வண்டி. திரையில் எண் ஏற ஏற நான் தனியாகவே கத்திக்கொண்டு வந்தேன். பங்க் வாசலில் என் திரை பதினைந்து காட்டியது. அவருடையது பத்தொன்பது.

"இங்கயே ஜெயிச்சாச்சு, ஊத்தவே வேண்டாம்" என்றார் மச்சான்.

"ஊத்துங்கண்ணே" என்றாள் அவள்.

முதலில் அவர் வண்டி. டீசல் ஏழு லிட்டருக்குக் கொஞ்சம் முன்னால் கட் ஆகி நின்றது. அடுத்து என் வண்டி. மூன்று பேரும் பம்பின் எண்களையே பார்த்தோம். ஐந்து, ஆறு, ஆறரை. மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். டக்கென்று நின்றது. அவர் வண்டிக்கும் என் வண்டிக்கும் ஒரு தம்ளர் டீசல்கூட வித்தியாசம் இல்லை!

ஓடிய தூரமும் ஒன்றுதான். மனைவி போனில் வகுத்துப் பார்த்து, "ரெண்டுமே பதினாறுக்குப் பக்கம்" என்றாள். எனக்குக் குதிக்கலாம்போல இருந்தது. என் வண்டி இத்தனை நாளும் தன்னைக் குறைத்தல்லவா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது! தெரியாமல் அதை எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன்.

மச்சான் பம்பையும் பார்த்தார், திரையையும் பார்த்தார். பிறகு வண்டிக்குள் குனிந்து மீட்டரை ஒரு தட்டு தட்டி, "ஏலே, எங்கிட்டயேவாலே பொய் சொன்ன?" என்றார். பங்க்கில் டீசல் போட்ட பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"மாப்ள, நேரம் இருக்கா? ஆனைக்குட்டம் வரைக்கும் வெறும் வண்டி ஒரு ஓட்டு ஓட்டுவமா? இந்தத் தடவ வண்டிய மாத்திக்கிடுவோம்."

அவர் கேட்டு முடிக்கும் முன்பே என் சாவியை நீட்டிவிட்டேன். அவர் என் வண்டியில் முன்னால் போனார். நான் அவருடையதில் ஏறி, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். ஊர் தாண்டியதும் திரையில் இருபது வந்தது. சுத்தப் பொய் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தும் ஸ்டியரிங்கைத் தட்டி, "இருபது! இருபது!" என்று கத்தினேன்.