உது சாப்பிடுறதோ, மீனுக்கோ?

பனி இளகத் தொடங்கியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தை மாதத்தில் ரொறன்ரோவுக்கு எப்போதாவதுதான் அப்படியொரு சலுகை கிடைக்கும். இரண்டு நாள் விடாத மழை, கூரை விளிம்பெல்லாம் ஒழுகல், மில்லிக்கனில் எங்கள் வீட்டு வாசலில் சேறு. எல்லோரும் சப்பாத்துச் சேற்றைப் பற்றிப் பேச, நான் ரூஜ் ஆற்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மழைத்தண்ணீர் ஆற்றில் இறங்கியதும் ஏரியில் வளர்ந்து பெருத்த ஸ்டீல்ஹெட் மீன்கள் மேலேறி வரும். முதலில் ஆறு பால்தேத்தண்ணி நிறத்தில் கலங்கி ஓடும். அப்போது போய்ப் பயனில்லை. கலங்கல் அடங்கிப் பச்சையாகத் தெளிகிற நாள்தான் நாள். அதை விட்டால் மறுபடி உறைந்துவிடும், பிறகு பங்குனிதான். இதெல்லாம் நூலகத்துப் புத்தகத்தில் படித்தது. எனக்குப் பத்து வயது. ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை.

பிடிக்கிறவர் சித்தப்பா. பிடிக்கிறவர் என்றால், பிடிக்கப் போகிறவர். எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மன்றில் இருந்துகொண்டு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தார். கூட வேலை செய்த போலந்துக்காரர் கொடுத்த பழைய தூண்டிற்கோலோடு முந்தின மாரிக்குளிர் முழுக்க ஆற்றுக்குள் நின்று, தும்மலோடு தடிமனை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தவர். அவருக்கு இங்கிலீசுப் புத்தகம் வாசிக்கப் பொறுமையில்லை. எனக்குச் சும்மா நிற்கப் பொறுமையில்லை. ஆகவே நான் வாசித்துச் சொல்வேன், அவர் செய்து பார்ப்பார். "ரீச்சர்" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். ஸ்டீல்ஹெட்டை அப்பா "இரும்புத்தலை" என்பார், எங்கள் இரண்டுபேரையும் பார்த்துக்கொண்டே.

அந்த மாரி முழுவதுக்குமான இரை எங்களிடம் இருந்தது. போலந்துக்காரர் கொடுத்த சமன் மீன் சினை. உப்புப் போட்டு ஐஸ்கிரீம் பெட்டியொன்றில் உறைய வைத்திருந்தோம். நாலைந்து முட்டைகளை வலைத்துணியில் வைத்து, சுண்டுவிரல் நகமளவு பொட்டணமாகக் கட்டித் தூண்டிலில் கோக்க வேண்டும். வலைத்துணிக்கு நான் வீட்டிலேயே வழி கண்டுபிடித்தேன். பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீடுகளில் இனிப்புக் கட்டித் தருகிற ரோஸ் நிற வலையைச் சேர்த்து, சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் ஆறு தெளிந்துவிட்டதென்று போலந்துக்காரர் போன் பண்ணினார். விடிய வெளிக்கிடுவதாகத் தீர்மானம். சினை இளகட்டுமென்று காலையிலேயே பிறிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாயிற்று. வேலை முடிந்து வந்த சித்தப்பா நேரே சாப்பிட உட்கார்ந்தார். அம்மா பரிமாறியது புட்டும் சொதியும், பக்கத்தில் வெங்காயம் மிளகு போட்டு ஒரு பொரியல். அவர் தட்டில் மட்டும் அது மலைபோல் இருந்தது. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"அண்ணி, சினைப் பொரியல் சொல்லி வேலையில்லை. எங்க வாங்கினனீங்கள்?"

"நீங்கள்தானே தம்பி வாங்கி வைச்சிருக்கிறியள். உங்களுக்கு விருப்பமெண்டுதான் ஒண்டும் மிச்சம் வைக்காமல் பொரிச்சனான்."

நான் பிறிட்ஜைத் திறந்தேன். ஐஸ்கிரீம் பெட்டி கழுவித் துடைத்துக் கவிழ்க்கப்பட்டு, தண்ணீர்த் தொட்டியடியில் இருந்தது. நான் போட்ட சத்தத்தில் அப்பா மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். சித்தப்பா வாயில் இருந்ததை மெல்ல விழுங்கினார். பிறகு, நம்பமுடியாதபடி, தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

கதை கேட்டபடி சாப்பிட உட்கார்ந்த அப்பா சிரித்த சிரிப்பில் புட்டு புரையேறியது. அத்தோடு விடவில்லை. மார்க்கம் பெரியம்மா, மொன்றியல் மாமா என்று ஒவ்வொருவராகப் போன் பண்ணினார். "இரும்புத்தலைக்கு வைச்ச இரையை உவ எங்களுக்கெல்லோ வைச்சுப்போட்டா! இனி எங்களைத் தூண்டில் போட்டுத் தூக்க வேண்டியதுதான்." ஒவ்வொரு போனிலும் கதை கொஞ்சம் வளர்ந்தது. நானும் கூடவே நின்று விடுபட்டதை எடுத்துக்கொடுத்தேன். அம்மாவும் முதல் போனுக்குச் சிரித்தார்.

விடிய நாங்கள் வெளிக்கிடும்போது அம்மா பிறிட்ஜடியில் நின்றார். கையில் தயிர்ப் பெட்டி. "தம்பி, உது சாப்பிடுறதோ, மீனுக்கோ?" சித்தப்பா பதில் சொல்லுமுன் மாஜரீன் பெட்டியை எடுத்தார். "உது?" ஒருவழியாக அம்மா திருந்திவிட்டார் என்று எனக்கு மெத்தத் திருப்தி.

இரையில்லாமல் ஆற்றுக்குப் போவதா? முந்தின இரவே புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி கண்டிருந்தேன். செம்மஞ்சள் கம்பளி நூல். தண்ணீருக்குள் அது முட்டை மாதிரியே தெரியுமாம். என் தொப்பியின் உச்சியில் அதே நிறத்தில் ஒரு குஞ்சம் இருந்தது. பாலத்தடியில் காரை நிறுத்திவிட்டு சித்தப்பா அதைக் கத்தரித்துத் தூண்டிலில் கட்டினார்.

ஆறு புத்தகத்தில் சொன்ன பச்சையில் ஓடியது. குளிர்காலத்து மீன் இரையைத் துரத்தாது, இரைதான் அதன் வாசலுக்குப் போகவேண்டும். மிதப்புக் கட்டை தண்ணீரின் வேகத்துக்கு மேலே ஒரு பொட்டும் போகக்கூடாது, பின்னால் இழுபடவும் கூடாது. ஈயக்குண்டுகளின் கனத்தில் நூல் அடித்தரையை உரசியும் உரசாமலும் போகவேண்டும். சித்தப்பா விட்டார், எடுத்தார், விட்டார். கோலின் வளையங்களில் ஐஸ் கட்டியது. வாயால் ஊதி உடைத்தார். நான் கரையில் மேலும் கீழும் நடந்தேன். இன்னும் ஆழம், இன்னும் இடப்பக்கம், அந்தக் கல்லுக்குப் பின்னால் என்று கத்தினேன்.

"ரீச்சர், மீனுக்கும் காது இருக்கு."

அப்போதுதான் மிதப்பு நின்றது. அமிழவில்லை, ஏதோ யோசிப்பதுபோல நின்றது. சித்தப்பா கோலை உயர்த்த, அது வளைந்து நடுங்கியது. ஆற்றின் நடுவில் வெள்ளியாக ஒரு விலா புரண்டு மறைந்தது. இழுக்காதேங்கோ, விடுங்கோ, இப்ப இழுங்கோ என்று நான் புத்தகம் முழுவதையும் ஒப்பித்தேன். கடைசியில் வலையோடு நானே தண்ணீருக்குள் பாய்ந்தேன். சப்பாத்து நிறைய ஐஸ்தண்ணீர். வலைக்குள் என் கையைவிட நீளமான மீன், வாயோரத்தில் என் தொப்பியின் குஞ்சம். சித்தப்பா எழும்பிக் குதித்தார். நானும்தான். என் கால் இருந்த இடமே தெரியவில்லை.

வீட்டில் சித்தப்பா குசினி மேசையில் பேப்பர் விரித்து மீனை வெட்டினார். வயிற்றுக்குள் இரண்டு நீளச் சரங்களாகச் சினை, செக்கச்செவேலென்று. பங்குனி வரை போதும்! நான் ஓடிப்போய் ஐஸ்கிரீம் பெட்டியை எடுத்து வந்து நீட்டினேன். அதற்குள் இட்டு மூடினார்.

அம்மா கிட்ட வரவில்லை. கதவடியில் கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி நின்றார். துடைக்க அங்கே ஈரம் ஒன்றும் இல்லை.

"தம்பி, உது..."

"மீனுக்கு!" என்றேன் நான்.

சித்தப்பா என்னைப் பார்க்கவேயில்லை. பெட்டியை இரண்டு கைகளாலும் எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "சாப்பிடத்தான் அண்ணி. நேற்றுப் பொரிச்ச மாதிரியே பொரியுங்கோ. அண்ணைக்கும் நிறையப் போடுங்கோ, போனில கதைக்க வாய் வராத அளவுக்கு."

அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு வெங்காயம் எடுக்கக் குனிந்தார்.

அன்று பொரியலை நான் தொடவில்லை. புத்தகத்தைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு, வெறும் புட்டை உதிர்த்துக்கொண்டிருந்தேன். மேசையைச் சுற்றி எல்லோரும், அம்மாவும்கூட, சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். மீனுக்குப் போகவேண்டியதையெல்லாம் இவர்களே தின்று தீர்க்கிறார்களே, இந்த வீட்டில் இதை யோசிக்க ஒருவருக்கும் மூளையில்லையே என்பதுதான் அன்றைக்கு என் ஒரே கவலை.