எங்கள் வீட்டு ஒற்றை வாக்கு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் புலம்பெயர்ந்து வந்த நாட்டில் எங்கள் கிளென் ஈடன் வீட்டுத் தொலைபேசியை நான் வெறுத்தேன். தமிழ்ச் சங்கத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் எங்கள் ஊர்க் கணக்காளர். சங்கத்தின் யாப்பு, உபவிதி என்று சட்டதிட்டம் பேசத் தொடங்கினால் சபையே கொட்டாவி விடும். மற்றவர் மலேசியாவிலிருந்து வந்த டொக்டர். கெட்டிக்காரி, வடிவானவர், போதாததற்குச் சிரித்த முகம். வயிறு எரிய வேறென்ன வேண்டும்?

டொக்டருக்குப் பேச்சுத் தமிழ் சரளம். மேடைத் தமிழ் வராது. என் கணவர் ஊரில் தமிழ் வாத்தியார், இங்கே பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இரவு வேலை. விடுவார்களா? டொக்டரின் ஆட்கள் அவருக்குப் பேச்சு எழுதித் தரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு பின்னேரம் தவறாமல் டொக்டரிடமிருந்து போன். என்னோடு கதைக்க வார்த்தைக்குப் பஞ்சம் பிடித்த மனிதர், அதில் விழுந்து விழுந்து சிரித்தார். ஒருநாள் நான் எடுத்தபோது, "அக்கா, உங்க வீட்டுக்காரர் தமிழைக் கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்றார் டொக்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நானும் நேர்மையாக எடைபோட்டுப் பார்க்காமல் இல்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க ஆள் என்று டொக்டர் சொன்னதெல்லாம் தேவையானவை. கணக்காளர் சொன்னது, விழாக்களில் கார் நிறுத்தும் ஒழுங்கு. யார் நல்ல தலைவர் என்று குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் என் மனம் கணக்காளர் பக்கமே சாய்ந்தது.

சங்கத்தில் குடும்பத்துக்கு ஒரு வாக்கு. பாடசாலை மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் கை உயர்த்த வேண்டும். அந்தக் கை எப்போதும் வீட்டு ஆம்பிளையின் கைதான். அந்தமுறை, வாத்தியார் நேர்மையான ஆள் என்று, கைகளை எண்ணும் வேலையைச் சங்கத்துக்காரர் இவரிடம் கொடுத்துவிட்டார்கள். பேச்சை எழுதியவரே எண்ணப்போகிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. எண்ணுகிறவர் வாக்களிக்கக் கூடாதாம்.

"நீ தூக்கு. ஆருக்கெண்டு சொல்லத் தேவையில்லைத்தானே" என்றார்.

டொக்டர் மேடையேறினார். பென்ரோஸ் பண்டகசாலைக்கு இருட்டோடு பஸ் ஏறும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினார். நாள் முழுக்கப் பெட்டி ஒட்டி, தன் பெயரைச் சரியாகச் சொல்ல ஒருவரும் இல்லாமல், வீட்டுக்கு வந்துதான் வாய் திறக்கும் பெண். மண்டபத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் நான். பாத்திரம் கழுவியபடி இவருடைய முதுகுக்கு நான் சொன்ன கதைகள் அவை. காதில் விழவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்! எல்லாவற்றையும் கேட்டு, பத்திரமாக எடுத்து, வேறொருத்தியின் வாயில் வைத்திருக்கிறார்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன்.

"டொக்டர், அந்தப் பஸ் எத்தினை மணிக்கு வாறது?"

டொக்டர் திகைத்துப்போய் என் கணவரைப் பார்த்தார். அவர் நிலத்தைப் பார்த்தார். நான் வீட்டை விட்டு இறங்கிய பிறகுதான் அவர் வேலையால் வருவார். அவருக்கும் தெரியாது.

கணக்காளருக்குக் கையைத் தூக்கினேன். என் கணவர் வரிசை வரிசையாக வந்து, என்னை நிமிர்ந்து பார்க்காமல் என் கையையும் எண்ணினார். டொக்டர்தான் வென்றார். வெல்ல வேண்டியவரும் அவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

காரில் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு இவர் மெல்லக் கேட்டார்.

"எத்தினை மணிக்கு வாறது?"

"உங்கட டொக்டரைக் கேளுங்கோ" என்றேன்.