சாவு வீட்டுக்குக் குடி போனவர்

தணிகாசலம் அண்ணன் காலமான செய்தி எனக்குப் பாகூரில் வந்தது. மாமனார் வீட்டுக் கதிரடிப்புக்குப் போயிருந்தேன். வில்லியனூரிலிருந்து வைக்கோல் ஏற்ற வந்த வண்டிக்காரர் களத்தில் நின்றபடியே, "உங்க சினேகிதரு பூட்டாருப்பா, விடியக்காலம்" என்றார். என் மாமனார் அண்ணனைப் பார்த்ததுகூட இல்லை, நான் சொல்லக் கேட்டதுதான். ஆனாலும் அவர் வாயில் வந்த முதல் வார்த்தை, "வாடகை வூடாச்சே, உள்ளயா வெளியவா?" என்பதுதான். பதில் வருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். நம் பக்கத்தில் குடித்தனக்காரன் வீட்டுக்குள் சாகக் கூடாது. மூச்சு இழுக்கத் தொடங்கியதும் வீட்டுக்காரர் வந்துவிடுவார். "வெளிய கொண்டு போயிடுங்க. உள்ள நடந்துச்சின்னா முன்பணத்த மறந்துடுங்க" என்பார். தீட்டுக் கழிக்க, வெள்ளையடிக்க, பிறகு ஆள் வராமல் வீடு பூட்டிக் கிடக்க, எல்லாவற்றுக்கும் அந்தப் பணம்தான் ஈடு. காதில் மூக்கில் கிடந்ததை அடகு வைத்துக் கொடுத்த பணம். அது திரும்பாவிட்டால் அடுத்த வீட்டுக்கு முன்பணம் ஏது?

ஆலையில் அண்ணனுடையது என் பக்கத்துத் தறி. அவர் மனைவி குப்பம்மாள் அண்ணி காய்ச்சலில் கிடந்தபோது, அந்த வரிசை வீடுகளின் சொந்தக்காரரான மண்டிக்காரர் வந்து வாசலில் நின்றார். ஐப்பசி மழை. அண்ணனே அண்ணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த வண்டிக் கொட்டகையில் கிடத்தினார். அங்கேதான் அண்ணி உயிர் போயிற்று. மண்டிக்காரர் சொன்ன சொல் தவறாதவர். அண்ணனின் முன்பணத்தில் கை வைக்க மாட்டேன் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். இழவு வீட்டில் அதையும் ஒரு தருமம் போலத்தான் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"'வூட்டுக்குப் போலாம் வா'ன்னு உங்க அண்ணி கொட்டகையில சொல்லிக்கினே இருந்தாடா. எந்த வூட்டுக்குன்னு நான் சொல்றது?" என்று ஒருநாள் தறிச் சத்தத்துக்கு நடுவில் அண்ணன் என்னிடம் சொன்னார்.

மறு வருஷம் அதே வரிசையில் குடியிருந்த ரங்கனின் பெண் குழந்தை வாந்திபேதியில் வீட்டுக்குள்ளேயே இறந்தது. தூக்கிக்கொண்டு வெளியே ஓடக்கூட நேரமில்லை. ரங்கன் வீட்டைக் காலி செய்துவிட்டு முன்பணத்தைக் கேட்டான். மண்டிக்காரர் கையை விரித்தார்.

"சாவு வூட்டுக்கு எவன் குடி வருவான்? எனக்கு ஆவற நஷ்டத்த நீ குடுப்பியா?"

கூட்டத்திலிருந்த அண்ணன் முன்னால் வந்தார். "நான் வரேன். நாளைக்கே வரேன், அதே வாடகைக்கு. வெள்ளையும் நானே அடிச்சிக்கிறேன். இப்ப உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

"அப்ப உன் வூடு?"

"அதுக்கு ஆள் வருவாங்க. அதுல யாரும் சாவலியே."

மண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ரங்கனின் பணம் அன்றே ரங்கன் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு அதுவே அவர் பாடாயிற்று. வில்லியனூரிலோ உறுவையாற்றிலோ வாடகை வீட்டில் சாவு விழுந்து, சொந்தக்காரர் முன்பணத்தைப் பிடித்துக்கொண்டால், அண்ணன் கயிற்றுக் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு போய் நிற்பார். "எமன்கூட இவ்ளோ வூடு மாறலண்ணே" என்று ஆலையில் கேலி செய்வோம். "அவன் முன்பணம் குடுக்க வேணாம்டா" என்பார். கடைசியில் சில சொந்தக்காரர்கள் அவர் தலை தெரிந்தாலே, "நீ வர வேணாம்பா, குடுத்துட்டேன்" என்று சொல்லும் அளவுக்கு வந்தது. "குடியிருக்கிறதுன்னா பொறக்கறதும் சாவறதும் சேத்திதான். அதுக்குத்தானே வாடகை" என்பார். அவரிடம் நான் கேட்ட சட்டம் அவ்வளவுதான். போதும் அண்ணே, உடம்பைப் பாருங்கள் என்று ஒருமுறை சொன்னேன். இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டி, "ஒருத்திய வெளிய தூக்கினு போன கைடா இது" என்றார்.

பஞ்சுத் தூசி அவர் நெஞ்சை அடைத்துவிட்டது. கடைசியாக அவர் இருந்தது பொன்னம்மாள் என்ற விதவையின் வீட்டில். அங்கும் முன்பு ஒரு சாவு விழுந்துதான் அண்ணன் குடி போனார். அந்த வாடகைதான் அந்த அம்மாளுக்குக் கஞ்சி. பாகூருக்குக் கிளம்பும் முன் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வெளிய கொண்டு போயிடுடா. அந்தம்மாவுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். சாவு வூட்டுக்கு நான் போவேன். நான் செத்த வூட்டுக்கு எவன் வருவான்?"

ஊருக்கெல்லாம் பேசிய நியாயம் தனக்கு மட்டும் இல்லையா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. "வாய மூடினு படுங்க" என்று அதட்டிவிட்டு வந்தேன்.

களத்தில் வண்டிக்காரர் சொன்ன பதில் இது: "உள்ளதாங்க. ஆளுங்கள வரச்சொல்லி அவரேதான் தூக்கச் சொன்னாராம். கட்டிலயும் தூக்கிட்டாங்க. அந்தம்மா வாசப்படில குறுக்க உக்காந்துட்டாங்களாம். 'என்னத் தாண்டித் தூக்கினு போங்க பாக்கலாம்'னு சொல்லிட்டாங்களாம்." எல்லோர் முன்னாலும் நான் வாய்விட்டு அழுதேன்.

பிள்ளை இல்லாதவர், கொள்ளி நான் வைத்தேன். மறுநாள் சாவைப் பதிய நகராட்சி அலுவலகமான மேரிக்குப் போனேன். அங்கே எழுதுகிறவர், எங்கே இறந்தார் என்று கேட்டார். வீட்டில் என்றேன். சொந்த வீடா, வாடகை வீடா என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் என்றே எழுதிக்கொண்டார்.

பொன்னம்மாள் முன்பணத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, "கொள்ளி வச்சவன் நீதானே, புடி" என்றாள். முழுப் பணமும் இருந்தது. "நீங்களே வச்சிக்கங்கம்மா. அது என் முன்பணம். நான் குடி வரேன்" என்றேன். என் மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே போய் வீட்டைக் கழுவி அடுப்பு மூட்டினாள்.

அண்ணனை அறிந்தவர்களே, அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கயிற்றுக் கட்டிலும், அதை அவர் போட்டிருந்த மூலையும்தான். அதில்தான் படுக்கிறேன். பயமெல்லாம் இல்லை. வாசற்படியைத் தாண்டும்போதுதான் மனம் கனக்கிறது. வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் குப்பம்மாள் அண்ணி. அவருக்காக வாசலில் குறுக்கே உட்கார அன்றைக்கு ஒருவரும் இல்லை.